கை நீட்டினால் எட்டும் தூரம்

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

அயனாவரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. ஒரு தையல்காரிக்கு எங்களிடம் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். நீங்களும் அளவெடுத்துச் செய்கிறவர்கள், நானும் அளவெடுத்துச் செய்கிறவள். நான் ஆளை எதிரே நிற்கவைத்து அளவெடுக்கிறேன். நீங்கள் யாரென்றே தெரியாத எண்பது பேருக்கு ஒரே அளவில் தைத்துக் கொடுக்கிறீர்கள். உங்கள் பாடுதான் கஷ்டம்.

உங்கள் தொழிற்சாலையோடு எனக்கு ஒரு உறவும் உண்டு. என் சித்தப்பா அங்கேதான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஃபர்னிஷிங் பக்கம், பெட்டிக்குள் இருக்கையும் மெத்தையும் பொருத்துகிற வேலை. வெளிக்கூட்டைக் கட்டுவது ஷெல் பக்கம். "ஷெல்காரன் கூட்டைக் கட்டுவான், நாங்கதான் அதை வீடா ஆக்குவோம்" என்பார். ஷெல் பக்கத்து நண்பர்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது மட்டும் அந்தப் பேச்சு வராது. நான் மெஷின் மிதிக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே ரெக்ஸினில் எப்படித் தையல் போட வேண்டும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். துணியில் தப்பாகப் போட்ட தையலைப் பிரித்துவிடலாம், ரெக்ஸினில் பிரித்தால் ஓட்டை அப்படியே நிற்கும். ஆகவே முதல் தடவையே சரியாகப் போட வேண்டும். இந்த மடலை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

போன மாதம் கொழுந்தன் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். தூத்துக்குடிக்கு விமானத்தில் போய்விடலாம் என்றான் மகன். நாலுவழிச்சாலையில் இரவு பஸ்கள் இருக்கின்றன. இரவு ரயில்களுக்கும் குறைச்சலில்லை. நான் கேட்டது எழும்பூரில் காலையில் கிளம்புகிற குருவாயூர் எக்ஸ்பிரஸ், அதிலும் ஸ்லீப்பர். கோவில்பட்டி போய்ச்சேர இருட்டிவிடும். ஒரு பகல் முழுக்க வீணாகிறதே அம்மா என்றான். எனக்கு வேண்டியதே அந்தப் பகல்தான் என்றால் அவனுக்குப் புரியவில்லை. புரியாதபடி சொன்னது என் தப்பாகவும் இருக்கலாம். அவனுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு 20ஆம் எண், லோயர். எதிர் லோயர் 17இல் நாங்குநேரிக்காரப் பெரியவர் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. என் பக்கத்தில் நாகர்கோவில் போகிற நர்ஸ் பெண். கல்லூரிப் பையன் ஒருவன் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தவன், விழுப்புரம் வரைக்கும் இறங்கவில்லை. சைடு லோயரில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி.

என் கைப்பையில் எப்போதும் இஞ்ச் டேப் கிடக்கும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி ஜன்னலில் வந்து போனதும் ஏதோ தோன்றி டேப்பை எடுத்தேன். "என்னக்கா அளக்கீங்க?" என்றாள் நர்ஸ். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் மரியாதையாகக் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

எத்தனை அங்குலம் என்று இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் வரைபடத்தில் இருப்பதை உங்களுக்கே திருப்பிச் சொல்வதாக ஆகும். வேறு விதமாக அளந்து சொல்கிறேன். அரியலூர் தாண்டியதும் நர்ஸ் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். பெரியவர் வீட்டில் புளியோதரையும் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். இவள் எழுந்திருக்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள். இலையில் வைத்த சாதம் எதிர்க் கைக்குப் போய்ச் சேர்ந்தது. முட்டை இந்தப் பக்கம் வந்தது. அந்தத் தூரம்தான் நான் சொல்வது. இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தால் அவள் எழுந்து நின்று கொடுக்க வேண்டியிருக்கும். எழுந்து நின்று கொடுத்தால் அது உபசாரம், வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லியே ஆக வேண்டும். உட்கார்ந்தபடி நீட்டினால் வீட்டுப் பழக்கம், வாங்கிக்கொள்ளலாம். அதே இடம் ஒரு சாண் குறைந்திருந்தால் முழங்காலோடு முழங்கால் இடித்து, ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, யாரும் யாரையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ரயிலில் ஜனங்கள் இன்னும் ஏன் இப்படி அலைமோதுகிறார்கள் என்று ஆளாளுக்குக் காரணம் சொல்கிறார்கள். கட்டணம் குறைவு, கழிவறை இருக்கிறது, காலை நீட்டிப் படுக்கலாம். எல்லாமே பெரிய காரணங்கள்தான். காசின் அருமை தையல்காரிக்குத் தெரியாதா என்ன. ஆனால் விமானத்துக்குக் கொடுக்கக் காசு இருக்கிறவர்களும் தீபாவளி முன்பதிவு திறக்கிற காலையில் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சில நிமிடத்தில் இடமெல்லாம் போய்விடுகிறது. அவர்கள் எல்லாரும் மிச்சம் பிடிக்கவா வருகிறார்கள்? என் கணக்கில் அந்தக் கை நீட்டுகிற தூரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த எட்டுப் பேர் அறை எப்படி வந்தது என்று சித்தப்பா கதை கதையாகச் சொல்வார். 1917 செப்டம்பரில் காந்தி பம்பாயிலிருந்து மெட்ராசுக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் வந்தார். 13 ரூபாய் 9 அணா டிக்கெட். இருபத்திரண்டு பேருக்கு என்று எழுதியிருந்த பெட்டி, அதுவும் உட்காரத்தான் இடம். அந்தப் பயணத்தில் பட்டதையும் பார்த்ததையும் அவர் பத்திரிகைகளுக்கு விவரமாக எழுதினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய இரண்டரை வருஷத்தில் கால்வாசிக்கு மேல் மூன்றாம் வகுப்பு ரயிலில்தான் கழித்திருக்கிறேன் என்றும் அதிலேயே சொல்கிறார். ரயிலைப் பற்றித் திறந்த மடல் எழுதுவது எனக்கு முன்னால் பெரிய கைகள் செய்த வேலை என்பதற்காகச் சொன்னேன்.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் போனது. பலகை போகவில்லை. என் அப்பா காலத்தில் சென்னைக்குக் கிளம்புவது என்றால் முதலில் ஜமுக்காளத்தைத் தேடுவார்கள், அப்புறம்தான் டிக்கெட்டைத் தேடுவார்கள். மரப்பலகையில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். 1977இல் ரயில்வே அமைச்சராக வந்த மது தண்டவதேதான் அந்தப் பலகைமேல் இரண்டு அங்குலத்துக்கு ஃபோம் போடச் சொன்னார். அந்த வருஷம் டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையில் ஓடத் தொடங்கிய கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் முதல் வகுப்பே இல்லாத வண்டி. அப்புறம் மெத்தை ஊரெங்கும் வந்தது. இரண்டு அங்குலம் என்பது என் தொழிலில் ஒரு கைமடிப்பு. அந்த இரண்டு அங்குலத்தில் கோடிக்கணக்கான முதுகுகள் நிம்மதியாகத் தூங்கின. சித்தப்பா இதைச் சொல்லும்போது மெத்தை முழுவதையும் தானே தைத்ததுபோல் விரலை நீட்டிப் பார்த்துக்கொள்வார்.

உங்கள் முன்னோர் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பகலில் முதுகு சாய்கிற பலகைதான் இரவில் நடு பெர்த். தூக்கிச் சங்கிலியை மாட்டினால் படுக்கை, இறக்கிவிட்டால் சாய்மானம். அதில் ஒரு வம்பும் இருக்கிறது. நடு பெர்த்துக்காரர் தூங்க வேண்டுமானால் கீழே உட்கார்ந்திருக்கிற எல்லாரும் எழுந்தாக வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை என்று விதி இருக்கிறது, ஆனால் விதிப்படி எந்த அறையும் நடப்பதில்லை. எட்டரைக்கே ஒருவருக்குக் கொட்டாவி வரும். இன்னொருவர் அப்போதுதான் சப்பாத்தியை எடுப்பார். "சாப்பிட்டு முடிங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்பார் கொட்டாவிக்காரர், அவசரத்தோடு. முழங்கால் வலிக்கிற அம்மாவுக்கு மேல் பெர்த் விழுந்திருக்கும். "தம்பி, கொஞ்சம் மாத்திக்கலாமா?" என்று கேட்பார். தம்பிக்கு மனசில்லாவிட்டாலும் மற்ற ஆறு பேரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள், அவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவான். ஒரு சங்கிலியும் இரண்டு கொக்கியும் எட்டுப் பேரை உட்காரவைத்துப் பேசவைக்கின்றன. இதை வேண்டுமென்றே செய்தார்களா, இடநெருக்கடியில் தானாக அமைந்ததா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அளவு கெட்டால் என்ன ஆகும் என்பதையும் நாடே பார்த்திருக்கிறது. லாலு பிரசாத் அமைச்சராக இருந்த காலத்தில் சைடு லோயருக்கும் சைடு அப்பருக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றை நுழைத்தார்கள், சைடு மிடில். கணக்குப் புத்தகத்தில் அழகாகத்தான் இருந்திருக்கும். கீழே இருக்கிறவர் நிமிர்ந்து உட்கார முடியாது, நடுவில் இருப்பவர் புரள முடியாது, மேலே இருப்பவரின் மூக்கு கூரையில் இடிக்கும். பயணிகள் திட்டித் தீர்த்து, சில வருஷத்திலேயே கழற்றிவிட்டார்கள். இரண்டு சட்டைத் துணியில் மூன்று சட்டை வெட்டச் சொல்லி என்னிடமும் ஆட்கள் வருவதுண்டு. வெட்டிக் கொடுக்கலாம், போட்டுக்கொள்ள முடியாது.

பழைய பெட்டியே வேண்டும் என்று அழ வரவில்லை. 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு வந்து தொடங்கிவைத்ததிலிருந்து உங்கள் இடத்தில் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. சுவிட்சர்லாந்துக்காரர்கள் உதவியோடு தொடங்கிய அந்த நீலப் பெட்டி வடிவத்தை 2018இல் நிறுத்தினீர்கள். ஜெர்மன் வடிவமான எல்.எச்.பி. பெட்டி விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது என்கிறார்கள். அந்த ஒரு காரணமே போதும், பழையதை வழியனுப்பிவிடலாம். புதியது கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளம் கூடுதல் என்பதால் ஒன்பது அறை பத்தானது, 72 படுக்கை 80 ஆனது. நல்ல விஷயம் என்னவென்றால் அறையை நெருக்காமல் பெட்டியை நீட்டினீர்கள். துணி பத்தாதபோது துணியைக் கூட்டுவதுதான் முறை.

பழசில் எனக்கு உண்மையாகவே மனம் ஏங்குகிற ஒன்று சார்ட். பெட்டிக் கதவுக்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், பெயர், வயது, ஆணா பெண்ணா. ஏறும் முன்பே நம் அறையில் யார் யார் என்று பார்த்துவிடலாம். இரண்டு வயது, நாலு வயது என்று இருந்தால் இன்று தூக்கமில்லை. எழுபது வயதுக்கு மிடில் என்று இருந்தால் நம் லோயர் போய்விட்டது. கல்யாணமாகாத பையன்கள் எந்த வரியை முதலில் படிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018இல் பெரிய நிலையங்களில் ஒட்டுவதை நிறுத்தினார்கள். காகிதம் மிச்சம், சரி. அது உங்கள் இலாகாவும் இல்லை, விடுங்கள்.

ஜன்னலுக்கு வருகிறேன்.

லால்குடிப் பக்கம் வயல் பச்சை கண்ணை நிறைக்கும். அப்புறம் கொள்ளிடம். ரயில் பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறும், தரையில் ஓடும்போது இருந்த சத்தம் வேறு, தண்ணீருக்கு மேலே வேறு. மேல் பெர்த் கல்லூரிப் பையன்கூட இறங்கி வந்துவிட்டான். நாங்குநேரிப் பெரியவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஒரு ரூபாய்க் காசு. கம்பிக்கு வெளியே கையை விட்டு, இரும்புத் தூணுக்கும் தூணுக்கும் நடுவே குறிபார்த்து விட்டெறிந்தார். தண்ணீரில் விழுந்ததா மணலில் விழுந்ததா என்று யாருக்கும் தெரியாது. சைடு லோயர் தகப்பனார் குழந்தையின் கையில் ஒரு காசைக் கொடுத்து, தன் கையால் அதைப் பிடித்துப் போடவைத்தார். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தென்னைக்கு மேலே எழும்பியது, பெரியவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் காவிரி, அந்தப் பக்கம் மலைக்கோட்டை. எல்லாம் சில நிமிடம்தான். எட்டுப் பேரும் ஒரே திசையில் திரும்பி, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

திருச்சி தாண்டினால் மணப்பாறை. முறுக்குக்காரர் ஏறினார். முறுக்கு வாசனை அவருக்கு முன்னால் ஏறிவிட்டது, பெட்டிக்குள் காற்று ஓடுவதால். மதுரைக்கு முன்னால் கொடைக்கானல் ரோடு பக்கம் திராட்சை, மதுரை தாண்டிச் சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு, எங்கள் ஊரில் கடலைமிட்டாய். எங்கள் ஊரைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் கடம்பூரில் போளி. தென்மாவட்டத்து வரைபடத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மறந்திருப்பார்கள். ஜன்னல் வழியே காசு நீட்டித் தின்று படித்தவர்கள் மறக்கவில்லை.

நீங்களே செய்த வந்தே பாரத் ரயிலிலும் போயிருக்கிறேன். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 2023 செப்டம்பரில் விட்டார்களே, அதில் மதுரை வரைக்கும். மகன் எடுத்துக்கொடுத்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம், வேகம், நேரத்துக்குச் சாப்பாடு, கதவு தானாக மூடிக்கொள்கிறது. அயனாவரத்துக்காரி என்ற முறையில் பக்கத்து இருக்கைக்காரரிடம் "இது எங்க ஏரியாவுல செஞ்சது" என்று பெருமையடித்துக்கொண்டும் வந்தேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி "ஓ" என்றார், திரும்ப மாட்டிக்கொண்டார். எதிரே எனக்குத் தெரிந்தது ஒரு பின்மண்டை, நன்றாக எண்ணெய் வைத்து வாரியிருந்தது. கொள்ளிடம் வந்தது, போனது. சத்தம் உள்ளே வரவில்லை. கைப்பையில் ஒரு ரூபாய் இருந்தது, அப்படியே மதுரைக்கு வந்துவிட்டது.

அவசரமாகப் போகிறவர்களுக்கு அது நல்ல வண்டி. ஆஸ்பத்திரிக்கு, நேர்முகத் தேர்வுக்கு, சாவுக்கு. சட்டை வேறு, புடவை வேறு, இரண்டையும் ஒரே அளவில் வெட்டாதீர்கள் என்பதுதான் என் பேச்சு. ஐந்தாறு மணி நேரத்துப் பயணத்துக்குப் பின்மண்டை பரவாயில்லை. பதினைந்து மணி நேரத்துக்கு முகம் வேண்டும். இரண்டு நாள், மூன்று நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

என் கடையில் ஓவர்லாக் மெஷின் பார்க்கிற பையன் அஸ்ஸாம்காரன், திப்ரூகட் பக்கம். எங்களிடம் வருவதற்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அப்போதெல்லாம் ஊருக்குப் போக விவேக் எக்ஸ்பிரஸ். கன்னியாகுமரியில் கிளம்பி கேரளா சுற்றி, கோயம்புத்தூர், விஜயவாடா, புவனேஸ்வர், குவாஹாட்டி என்று 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடித் திப்ரூகட்டில் நிற்கிற வண்டி. இந்தியாவிலேயே நீளமான ஓட்டம். 2011இலிருந்து ஓடுகிறது. இவன் கோயம்புத்தூரில் ஏறுவான்.

"முதல் நாள் எல்லாரும் பையைக் கால்ல கட்டி வச்சிருப்பாங்க அக்கா. ரெண்டாம் நாள் பையைப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் பல்லு தேய்க்கப் போவாங்க. மூணாம் நாள் யார் பை யாருதுன்னே தெரியாது." தமிழை என்னிடம்தான் கற்றான், அதனால் கோவில்பட்டி வாடை அடிக்கும். ஒரு தடவை அவன் அறையில் ஒரு மலையாளி ராணுவக்காரர், ஒடியாப் பையன்கள் இரண்டு பேர், பேரனைப் பார்க்கப் போகிற ஒரு வங்காளப் பாட்டி. பாட்டிக்கு வங்காளம் தவிர எதுவும் தெரியாது. இரண்டாம் நாள் மத்தியானம் இவன் சட்டையில் பொத்தான் தொங்குவதைப் பார்த்துவிட்டு, கழற்று என்று சைகை காட்டி, தன் சுருக்குப்பையிலிருந்து ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தாராம். ஓடுகிற ரயிலில், கண்ணாடி போடாமல். "நான் தைக்கிறவன்னு அதுக்குத் தெரியாது அக்கா, நானும் சொல்லல." அந்தச் சட்டையைக் காட்டினான். பொத்தான் இன்னும் அசையவில்லை. நான் போட்டிருந்தால்கூட அவ்வளவு கெட்டியாகப் போட்டிருக்க மாட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்ததால்தானே பாட்டி கண்ணில் அந்தப் பொத்தான் பட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல நீண்டதூர வண்டிகளில் ஸ்லீப்பர் பெட்டிகளைக் குறைத்துக் குளிர்சாதன மூன்றடுக்குப் பெட்டிகளைக் கூட்டிவிட்டார்கள். எத்தனை பெட்டி, எந்த வகை என்று முடிவு செய்வது ரயில்வே வாரியம், நீங்கள் இல்லை என்பது தெரியும். மே மாதத்து வெயிலில் குளிர்சாதனப் பெட்டியில் போகிறவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், வயதாக வயதாக நானே ஏறிவிடுவேன். அதிலும் எதிரெதிர் இருக்கை இருக்கிறது, நல்லது. ஆனால் வரைபடம் உங்கள் மேசையில் பிறக்கிறது. வரைபடத்தில் இல்லாத பெட்டியை வாரியம் கேட்க முடியாது.

குளிர்சாதனம் இல்லாவிட்டாலும் கௌரவமான பெட்டி செய்ய முடியும் என்று காட்டியவர்களும் நீங்கள்தான். 2023 டிசம்பர் கடைசியில் ஓடத் தொடங்கிய அம்ரித் பாரத் வண்டி உங்கள் கைவேலை. முன்னும் பின்னும் எஞ்சின், நடுவே ஸ்லீப்பரும் பொதுப் பெட்டியும், திறக்கிற ஜன்னல். அதைப் பார்த்தபோது சித்தப்பா இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். அந்த வகைப் பெட்டியை ஏழைகளுக்கு என்று ஒதுக்கிவைக்காமல், நம் தெற்குப் பகல் வண்டிகளுக்கு இன்னும் நல்லதாக வரைந்து கொடுங்கள் என்று கேட்கிறேன்.

வரையும்போது சில்லறை விஷயங்கள் சில. மேல் பெர்த்துக்கு ஏறுகிற கம்பி ஒல்லியாக இருந்தால் வெறுங்காலில் வெட்டும். ஐம்பது தாண்டிய பெண்களின் பாதத்தை மனதில் வைத்துத் தடிமனைக் கூட்டுங்கள், புடவை மாட்டாமல் முனையை மடக்கிவிடுங்கள். ஜன்னலின் அடிக்கோடு எவ்வளவு தாழ்வாக இருக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக இருக்கட்டும். சின்னப் பிள்ளை சீட்டில் உட்கார்ந்தபடியே வெளியே பார்க்க வேண்டும், நின்றால் அம்மா திட்டுவாள். கண்ணாடி ஷட்டர், தகர ஷட்டர் இரண்டும் இருக்கட்டும். மழை வந்தால் எதைப் போடுவது என்று ஜன்னலோரத்துக்காரரும் பக்கத்துக்காரரும் பேசி முடிவு செய்வார்கள். கொக்கி மட்டும் விரலில் விழாத கொக்கியாக இருக்கட்டும். சைடு லோயரில் இரண்டு பலகை சேருகிற இடத்துக் குழியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், அதில் படுத்த ஒவ்வொருவரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதன்மேல் இழுத்துப் போடுகிற தனிப்பலகை சில பெட்டிகளில் வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் வரட்டும்.

சார்ஜர் விஷயத்தில் நான் சொல்வது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். படுக்கைக்கு ஒன்று வைக்காதீர்கள். அறைக்கு இரண்டு போதும். ஒன்றுக்கு இரண்டு பேர் காத்திருந்தால்தான் "எவ்வளவு ஏறியிருக்கு?" என்று பேச்சு தொடங்கும். மகனிடம் இதைச் சொன்னேன். அம்மா, இதை மட்டும் எழுதிவிடாதே, உன்னைப் பைத்தியம் என்பார்கள் என்றான். எழுதிவிட்டேன். நீங்கள் எப்படியும் எட்டு வைக்கத்தான் போகிறீர்கள்.

மற்றதெல்லாம் எப்படியிருந்தாலும், எதிரெதிர் இருக்கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த இடைவெளியையும் மாற்றாதீர்கள். யாராவது வந்து ஒரு சாண் மிச்சப்படுத்தினால் பெட்டிக்கு இன்னொரு அறை கிடைக்கும் என்று கணக்குக் காட்டினால், கணக்குக் காட்டியவரை ஒரு தடவை கோவில்பட்டி வரைக்கும் பகல் வண்டியில் அனுப்பிவையுங்கள். கையில் ஒரு சோற்றுப் பொட்டலத்தையும் கொடுத்து அனுப்புங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அதே வண்டி. இந்தத் தடவையும் 20தான் விழுந்திருக்கிறது. உங்களில் யாராவது வந்தால் இஞ்ச் டேப் கொண்டுவர வேண்டாம், என்னிடம் இருக்கிறது. எதிரே 17இல் யார் வருகிறார்களோ தெரியாது. சாதம் ஒரு பொட்டலம் கூடக் கட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
அயனாவரத்துத் தையல்காரி